கொல்கத்தாவில் ஏறிய வண்டிகள்

அன்பு மகன்,

நேற்று இரவு வெள்ளவத்தைக்குச் சுகமாக வந்து சேர்ந்தோம். படங்கள் பார்த்திருப்பாய். படத்தில் வராததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ராமகிருஷ்ண மிஷனின் தலைமை இடமான பேலூர் மடத்தையும் தட்சிணேஸ்வரம் காளி கோயிலையும் கும்பிடத்தான் கொல்கத்தாவுக்குப் போனோம், இங்கே கொழும்பில் மிஷனுக்குப் போகத் தொடங்கிய நாளில் இருந்து அப்பாவுக்கு இருந்த ஆசை அது. ஆனால் வந்த பிறகும் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்த ஊர் வண்டிகள்தான்.

2024இல் திறந்த மெட்ரோ பாதை ஒன்று கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றுக்கு அடியால் போகிறது. ஆற்றுக்குக் கீழே 520 மீட்டர், 45 விநாடிதான். தலைக்கு மேல் கங்கை ஓடுகிறது என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது, அப்பா என் கையை விடவேயில்லை.

எஸ்பிளனேட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறி வந்தால் ட்ராம் நிற்கிறது! 1873இல் குதிரை இழுத்த வண்டி, 1902இல் மின்சாரத்துக்கு மாறியதாம். இப்போது அநேகமான பாதைகளை மூடிவிட்டார்கள். மரக் கதிரையில் இருந்தபோது எனக்கு உன் அம்மப்பாவின் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. அவர் பொரளையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போனது ட்ராமில், 1960இல் கொழும்பில் அதை நிற்பாட்டியபோது நான் பிறக்கவும் இல்லை. அவர் சொல்லிச் சொல்லியே மனதில் கேட்ட சத்தத்தை இப்போதுதான் காதால் கேட்டேன்.

அப்புறம் கை ரிக்‌ஷா. மனிசனை மனிசன் இழுக்கிற வண்டியில் ஏறமாட்டேன் என்று முதல் நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகக் கடைகளுக்குள் நிற்கும்போது மழை பிடித்தது, ஒரு மணித்தியாலத்தில் முழங்கால் அளவு வெள்ளம், டாக்ஸியும் இல்லை, ஓட்டோவும் இல்லை. அப்பாவின் ஒப்பரேஷன் செய்த காலை அந்தத் தண்ணிக்குள் வைக்க விட முடியுமா? அப்பாவைவிட வயது போன ஒருவர், கையில் சின்ன மணியைத் தட்டிக்கொண்டு வந்தார். அப்பாவை மட்டும் ஏற்றுங்கள், நான் நடக்கிறேன் என்று சைகையில் சொன்னேன். அவர் கேட்கவில்லை, என்னையும் ஏறச் சொல்லிவிட்டு இழுத்தார். வெள்ளத்துக்குள் குழி எங்கே, கல் எங்கே என்று அவருடைய வெறுங்காலுக்குத் தெரிந்திருந்தது.

கேட்டதைவிட இரண்டு மடங்கு கொடுத்தோம். காசை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்த வண்டிகளுக்குப் புதிய லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்தி இப்போது பல வருஷம். அது சரிதான், ஒருவரும் இந்த வேலைக்குப் புதிதாக வரக்கூடாது. ஆனால் இப்போது இழுக்கிறவர்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டிவிட்டு அல்லவா வண்டியை எடுக்க வேண்டும், ராசா?

அப்பாவின் காலில் வீக்கம் இல்லை, பயப்படாதே. நீ மெல்பேர்னில் தினமும் ட்ராமில்தானே வேலைக்குப் போகிறாய்? மணிச் சத்தமும் கேட்கிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அன்புடன்,
அம்மா