வட்டி குறையாத மாதத்தில் மகளுக்கு எழுதியது

சிங்கப்பூர்,
ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி முன்போலவேதான் இருக்கிறது. தம்பி இரவு வேலைக்கு மாறிவிட்டான்.

இம்மாதம் 8ஆம் தேதி உங்கள் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, 3.85 விழுக்காட்டிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று படித்தபோது உன் நினைவுதான் வந்தது. நீ வீடு வாங்கிய 2021இல் அது வெறும் 0.10 விழுக்காடு. 2024 வரை ஏற வாய்ப்பில்லை என்று அன்றைய ஆளுநர் பிலிப் லோவே சொல்லிவந்தார். ஆனால் 2022 மே மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு நவம்பருக்குள் பதின்மூன்று முறை ஏற்றி 4.35க்குக் கொண்டுபோனார்கள். நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். ஆகவே உன் கணக்குதான் தப்பிவிட்டது என்று யாரும், முக்கியமாக நீ, நினைக்க வேண்டியதில்லை. பணவீக்கம் 7.8 விழுக்காட்டைத் தொட்டபோது, அதை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்கும் பொறுப்புள்ள மத்திய வங்கி மக்களின் செலவைக் குறைக்கத்தான் பார்க்கும். அதில் முதலில் மாட்டிக்கொள்பவர்கள் மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள்.

இங்கே வழி வேறு. நம் நாணய ஆணையம் வட்டியை நிர்ணயிப்பதில்லை. 1981 முதல், நம்மோடு வணிகம் செய்யும் நாடுகளின் நாணயத் தொகுப்புக்கு எதிராக, அளவை வெளியில் சொல்லாத ஒரு வரம்புக்குள் நம் வெள்ளியின், அதாவது சிங்கப்பூர் டாலரின், மதிப்பை ஏறவும் இறங்கவும் விடுகிறது. தேக்காவில் நான் விற்ற அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் கடல் தாண்டி வந்தவைதாமே. வெள்ளி வலுத்தால் கொள்முதல் விலை அடங்கும். 2021 அக்டோபரிலிருந்து ஓராண்டில் ஐந்து முறை அப்படி இறுக்கினார்கள். (2023இல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது மட்டும் எந்த ஆணையத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.) எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடனோ மத்திய சேமநிதி வட்டியை ஒட்டியது; 1999 முதல் 2.6 விழுக்காட்டைவிட்டு அசையவே இல்லை. மாதத் தவணை திடீரென்று எகிறினால் எப்படியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. நீ சொன்னால்தான் தெரியும்.

சென்ற ஞாயிறு காணொளியில், வீட்டுக்குள்ளேயே அந்தச் சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை மூடிக்கொண்டு பேசினாய். ஹீட்டர் பழுதா என்று அம்மா கேட்டதற்கு, "இல்லம்மா, பழகிவிட்டது" என்று பேச்சை மாற்றினாய். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் வேலையாக இருக்கிறார் என்ற ஒரே பதில்தான். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. நம் குடும்பத்தில் வெளிநாட்டில் தன் பெயரில் வீடு வாங்கிய முதல் பெண் நீ. தேக்காவில் நான் இதைச் சொல்லாத ஆள் இல்லை. அதற்காக வாயைத் திறக்காமலே இருந்துவிடுவதா?

வங்கியிடம் நேரில் போய்ப் பேசு. புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த வட்டியும் பழைய வாடிக்கையாளருக்குக் கூடுதல் வட்டியும் வைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கேட்டால் குறைப்பார்கள், இல்லையென்றால் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள். கட்டச் சிரமம் என்றால் தவணையைத் தளர்த்தித் தரும்படி கேட்க அங்கே சட்டமே இடம் தருகிறது. கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தள்ளிப்போடாமல் போய்ப் பேசு.

என் நிரந்தர வைப்புத்தொகை ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதிர்கிறது. நீ வீடு வாங்கியபோது ஏறத்தாழ நம் ஒரு வெள்ளிக்கு நின்ற ஆஸ்திரேலிய வெள்ளி, இப்போது 90 காசுக்கும் கீழே இருக்கிறது. கடைக்காரன் புத்தி, விலை இறங்கும்போது வாங்கத் தோன்றுகிறது; இதை உதவி என்று எடுத்துக்கொள்ளாதே. உன் கணக்கு எண்ணைத் தம்பிக்கு அனுப்பிவை. உங்கள் ரிசர்வ் வங்கியின் அடுத்த முடிவு ஆகஸ்ட் 12ஆம் தேதி; அன்று வட்டியைக் குறைத்தால் உங்கள் வெள்ளி இன்னும் மலிவாகக் கிடைக்கலாம்தான். நான் அதுவரை காத்திருக்கப்போவதில்லை.

அன்புடன்,
அப்பா