கமலாவுக்கு: முதல் திரையும் வெளியேறும் வழியும்

அன்புள்ள கமலா,

டுவிட்டர் போன்ற, ஆனால் பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் இணைந்த மாஸ்டடானுக்குச் செயலி எழுதும் குழுவில் நீ சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவன் கல்லூரிக்குப் போய்விட்டதால் மாலை நேரம் முழுக்க என் கையில் இருக்கிறது. அதில் பாதி எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்வதில் போகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருபவரிடம் சர்வர் பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வதா, கேட்காமலேயே ஒரு பெரிய சர்வரில் சேர்த்துவிடுவதா என்று உங்கள் குழுவில் வாக்குவாதம் நடப்பதாக எழுதியிருந்தாய். சின்ன சர்வர் நடத்துபவள் என்பதால் பட்டியல் பக்கம்தான் நிற்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். இல்லை கமலா, கேட்காமலேயே சேர்த்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

சர்வர் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரிடம், அவர் நுழைந்த முதல் நிமிடத்திலேயே, பின்னால் மாற்றச் சிரமமான ஒரு முடிவை எடுக்கச் சொல்கிறோம். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது எத்தனையோ பேர் மாஸ்டடான் பக்கம் வந்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத் திகைத்துத் திரும்பிப் போனவர்கள் அவர்களில் நிறைய. தப்பான சர்வரில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அவர்களுடைய பயம் நியாயமானது. அதற்கு ஒரு வரியில் சொல்லும் பதில் நம்மிடம் இன்னும் இல்லை. 2023 மே மாதம் மாஸ்டடானின் அதிகாரபூர்வ செயலியே மாஸ்டடான்.சோஷியல் சர்வரை முதல் தேர்வாக வைத்தது. அதற்குக் கோபப்பட்டவர்களில் நான் மதிக்கிறவர்களும் உண்டு. ஆனாலும் அந்தக் கோபம் வேறோர் இடத்தில் காட்டப்பட வேண்டியது என்றுதான் எனக்குப் பட்டது.

செல்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்கிறோமே, அந்த அளவுக்குச் சுலபமாக சர்வர் மாற முடிந்தால், முதலில் எங்கே சேர்ந்தோம் என்பது ஒரு பிரச்சினையே ஆகாது. மாஸ்டடானில் கணக்கை மாற்றினால் நம்மைப் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள். நாம் பின்தொடர்பவர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கிப் புது இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். எழுதிய பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கும். அதைவிட மோசம், பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். நம் பெயரே அந்த சர்வரின் டொமைனோடு, அதாவது இணைய முகவரியோடு, ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா? ஆப்கானிஸ்தானுக்குரிய .ஏஎஃப் டொமைனில் குவியர்.ஏஎஃப் என்று ஒரு சர்வர் இருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த டொமைனை முடக்கியது. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை, அவர்களுடைய பெயர்தான் யாரோ ஒருவர் கையில் இருந்தது. பரவலாக்கப்பட்ட தளத்திலேயே இப்படி நடக்கும் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

டுவிட்டர் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கையை நடத்தும் நிறுவனத்தார் இந்த முனையிலிருந்துதான் தொடங்கினார்கள். அங்கே கணக்குக்கு சர்வரைச் சாராத ஓர் அடையாளம் உண்டு. சொந்த டொமைனையே பெயராக வைத்துக்கொள்ளலாம், பதிவுகளோடு வேறு சர்வருக்குக் குடிபெயரலாம். உங்கள் குழுவில் எல்லாரும் புளூஸ்கையின் நெறிமுறையான ஏடி புரோட்டோகாலை ஒரு முறையாவது பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பேன். ஆனால் நடைமுறையில் பெரும்பாலானவர்களின் கணக்கு, எல்லாப் பதிவுகளையும் திரட்டும் ரிலே, அவற்றைத் தொகுத்துத் திரைக்கு அனுப்பும் அடுக்கு, அந்த அடையாளங்களின் பதிவேடு எல்லாமே அந்த ஒரே நிறுவனத்தின் கையில் வளர்ந்தவை. கணக்கை மாற்றத் தேவையான டிஜிட்டல் சாவியும் பெரும்பாலானவர்களுக்கு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. மாஸ்டடான் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை எழுதியவர்களில் ஒருவரான கிறிஸ்டீன் லெம்மர்-வெபர் 2024 நவம்பரில் இதை விரிவாகவே விமர்சித்தார். புளூஸ்கையின் அதே நெறிமுறையில் இயங்கும் பிளாக்ஸ்கை போன்ற குழுக்கள் இந்த அடுக்குகளைத் தாங்களே கட்டி நடத்த முனைந்திருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆனாலும், புளூஸ்கை பழகச் சுலபமாக இருப்பதற்குக் காரணமே அந்த மையம்தான். நீ தினமும் முட்டிக்கொள்ளப் போகும் இடம் இது. ஒரு பதிவுக்கு எத்தனை பதில்கள், எத்தனை விருப்பங்கள் என்று சரியாகக் காட்ட, எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கும் ஒரு கண் எங்காவது வேண்டும். மாஸ்டடானில் அப்படி ஒரு கண் கிடையாது. ஒவ்வொரு சர்வருக்கும் அதனிடம் வந்து சேர்ந்தது மட்டும்தான் தெரியும். ஒரே பதிவுக்கு என் திரையில் மூன்று பதில்கள் தெரியும், உன் திரையில் முப்பது தெரியும். நான் நினைத்து எழுதிய பதிலை ஏற்கெனவே பத்துப் பேர் எழுதியிருப்பார்கள், எனக்கு அது தெரியாது. பயன்படுத்துபவர் செயலி கெட்டுவிட்டது என்று நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. விடுபட்ட பதில்களை மற்ற சர்வர்களிலிருந்து தேடி எடுத்து வரும் வசதி மாஸ்டடானுக்கு இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. அது முழுமையாகும் வரை, 'இன்னும் பதில்கள் இருக்கலாம்' என்று திரையில் ஒரு சின்ன வரியாவது போடுங்கள். உள்ளதைச் சொல்லும் செயலியை மக்கள் மன்னிப்பார்கள்.

இன்னொரு பரவலாக்கப்பட்ட அமைப்பான நாஸ்டரைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே சர்வருக்குப் பதில் கடவுச்சொல் போன்ற ஒரு ரகசியச் சாவிதான் கணக்கு. தொலைந்தால் திருப்பிக் கொடுக்க யாரும் இல்லை, திருடப்பட்டால் மாற்றித் தரவும் யாரும் இல்லை. அதன் துணிச்சலை மதிக்கிறேன். என் அக்காவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மையம் என்றாலே எனக்குப் பயம் என்று நினைத்துவிடாதே. மின்னஞ்சல் எவ்வளவோ மையமாகிவிட்டது, சில பெரிய நிறுவனங்களிடம்தான் பெரும்பாலான பெட்டிகள் இருக்கின்றன. இருந்தும் ஒரு சின்ன சர்வரிலிருந்து யாருக்கும் எழுத முடிகிறது. உடனடி அரட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2005-இல் வந்த கூகுள் டாக், எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறையில் இயங்கியது. 2006-இல் மற்ற சர்வர்களுக்கும் கதவைத் திறந்தது. 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது கூகுள் அந்தக் கதவிலிருந்து விலக ஆரம்பித்தது. பெரிய பக்கம் இருந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, சின்ன பக்கம் இருந்தவர்களின் நண்பர்கள் பட்டியல் காலியானது. மெட்டாவின் சமூகத் தளமான திரெட்ஸ் ஆக்டிவிட்டிபப்போடு கைகோத்தபோது பழைய ஆட்கள் பதறியது அதனால்தான். அந்தப் பதற்றம் எனக்கும் உண்டு.

அதனால் உங்கள் குழுவிடம் இதைச் சொல். முதல் திரையில் ஒரே பொத்தான் போதும், ஆனால் அது எல்லாரையும் ஒரே சர்வருக்குத் தள்ளாமல், நம்பகமான சில சர்வர்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பட்டும். எது நம்பகமானது என்பதற்கு மாஸ்டடான் ஏற்கெனவே வைத்திருக்கும் உடன்படிக்கையே நல்ல ஆரம்பம்: தினசரி பேக்கப், அவசரத்துக்கு உள்ளே நுழையக்கூடியவர் ஒருவருக்கு மேல், மூடுவதானால் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு. எழுதும்போது சாதாரணமாகத் தெரியும், நடத்திப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். எங்கள் சர்வரில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால், புகார்களைப் பார்க்க மற்றவர்கள் ராத்திரி விழித்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பொறுப்பை எடுக்க முடியாத சர்வருக்குப் புது ஆட்களை அனுப்புவது இரண்டு பக்கமும் அநியாயம்.

அப்புறம், முதல் திரையைச் சுருக்கியதில் மிச்சமாகும் நேரத்தை வெளியேறும் வழிக்குச் செலவிடுங்கள். கணக்கை மாற்றும் பொத்தானைத் தேடி யாரும் உலாவியில் அமைப்புப் பக்கங்களில் அலையக் கூடாது, செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். சேர்ந்து சில மாதம் ஆனவரிடம், அவருக்கு இந்த உலகம் பிடிபட்ட பிறகு, 'உங்கள் ஆர்வத்துக்கு ஏற்ற வேறு சர்வர்கள் இருக்கின்றன, பார்க்கிறீர்களா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான நேரம். அவர் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்ற பட்டியலை அவ்வப்போது அவருடைய கைபேசியிலேயே சேமித்து வையுங்கள், நாளைக்கே சர்வர் மறைந்தாலும் அவர் அனாதையாக நிற்க மாட்டார்.

மாற்றும் பகுதியின் சோதனைப் பதிப்பு தயாரானதும் எனக்கு அனுப்பு. எங்கள் சர்வரில் சிலர் ஏற்கெனவே வேறு இடம் போக யோசிக்கிறார்கள், முதலில் அவர்களை வைத்தே சோதிக்கலாம். அவர்கள் போவதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிரமமில்லாமல் போக வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். எங்கே தடுக்கிறது என்று குறித்து எழுதுகிறேன்.

அம்மாவை இன்னும் சில வாரம் திரையைப் பார்க்க விடாதே.

அன்புடன்,
வசந்தி