மூடைக் கணக்கும் மைல் கணக்கும்

கிளிநொச்சி
கார்த்திகை, மழை விடாத ஒரு சனிக்கிழமை

அன்பின் குணம்,

நீ ரொறன்ரோவில இருந்து வட்சப்பில அனுப்பின ரண்டு படமும் கிடைச்சது. ஒண்டு எயார்லைன்காரன் மலிவா மைல் விக்கிற விளம்பரம், மற்றது பொயின்ற்ஸ் தாற கிறெடிற் காட் விளம்பரம். ஊருக்கு வர இதுகளை எடுக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறாய். போனிலயே பதில் சொல்லியிருப்பன். ஆனால் நீ கேட்டது குரல் பதிவில சொல்லி முடியிற காரியம் இல்லை, எழுதினால்தான் கணக்கு நிக்கும். இதைப் படம் எடுத்துத்தான் அனுப்பப் போறன். தபாலில போட்டால் உன்ர ஓஃபரும் முடிஞ்சிடும், அடுத்த ஓஃபரும் முடிஞ்சிடும்.

இஞ்ச மூண்டு நாளா அடைமழை. என்ர ரிக்கற் கடைக்கு ஆக்கள் இல்லை, கறண்ட் வாறதும் போறதுமா இருக்கு. இரணைமடுக் குளத்தில கதவு திறக்கப் போகினம் எண்டு காலமை அறிவிச்சவை. எங்கட பள்ளக் காணியில பயிர் கழுத்தளவு தண்ணியில நிக்குது. ரண்டு நாளில வடிஞ்சால் தப்பும். பரந்தன் பக்கம் இன்னும் மோசமாம்.

சரி, உன்ர விசயத்துக்கு வாறன். அதுக்கு முதல் என்ர நெல்லுக் கதை ஒண்டைக் கேள். போன மாசியில ஒரு வியாபாரி வந்து மூடைக்கு 8,150 ரூபா தாறன் எண்டான். மற்றவை எல்லாரும் 8,000தான். நானும் சந்தோசப்பட்டு ஓமெண்டிட்டன். நிறுக்கேக்கதான் தெரிஞ்சது, மற்றவைக்கு மூடை 70 கிலோ, இவனுக்கு 73. சாக்குக்கு ஒண்டாம், ஈரத்துக்கு ஒண்டாம், மூண்டாவது ஏனெண்டு கேட்டதுக்குச் சிரிச்சான். கிலோவுக்குப் பிரிச்சுப் பார், 8,000 தாறவன் 114 ரூபாக்குக் கிட்டக் குடுக்கிறான், இவன் 112ஐத் தொடேல்லை. எங்கட கணக்கு வாத்தியார் விடையைப் பார்க்க முதலே "அலகு எங்கடா?" எண்டு காதைத் திருகுவாரே, அந்த மனுசன் உயிரோட இருந்திருந்தால் எனக்கு இன்னொருக்காத் திருகியிருப்பார்.

எயார்லைன் மைலும் அப்பிடித்தான். அது தூரம் இல்லை, காசுக்குப் பதிலாக் குடுத்து ரிக்கற் எடுக்கிற புள்ளி. எத்தினை ஆயிரம் மைல் எண்டதைப் பார்க்கக் கூடாது, ஒரு மைல் எத்தினை சதம் எண்டு பார்க்க வேணும்.

முதல் படம்: 40,000 மைல் வாங்கினால் இன்னொரு 40,000 இனாம், எல்லாமா 1,480 டொலர், ஞாயிறு இரவோட சரி. இந்த "ஞாயிறோட சரி"க்குப் பயப்பிடாத. மைல் விக்கிற மலிவு வருசத்தில எத்தினையோ தரம் வரும், நத்தாருக்கு முந்தின இந்த நாளில கட்டாயம் வரும். 1,480 டொலரை 80,000ஆல் பிரி. ஒரு மைல் 1.85 சதம். இது நீ வாங்கிற விலை.

இனி அது பெறுமதி எவ்வளவு? ஆவணியில வாறதுக்கு ஒரு ஆளுக்கு 1,900 டொலர் எண்டு பார்த்தனி. அதே ரிக்கற்றை மைலில எடுத்தால் 90,000 மைலும் மேல 520 டொலரும் கேக்குது எண்டு நீயே எழுதியிருக்கிறாய். 1,900இல 520ஐக் கழி, மிச்சம் 1,380. அதை 90,000ஆல் பிரிச்சால் 1.53 சதம். 1.85க்கு வாங்கி 1.53க்கு விக்கிறாய் மச்சான். முழுசாக் கூட்டினால் 90,000 மைலுக்கு 1,665, அதோட 520, எல்லாமா 2,185 டொலர். காசு குடுத்துப் போறவனை விட 285 டொலர் கூடக் குடுத்திட்டு "மைலில சும்மா வந்தனான்" எண்டு ஊரில சொல்லிக்கொண்டு திரியலாம், அவ்வளவுதான். அதோட காசு குடுத்து வாறவனுக்குப் புதுசா மைல் சேரும். மைலில வாற உனக்குச் சேராது.

அந்த 520 என்னெண்டு கேட்டாய். விமானநிலைய வரி கொஞ்சம் உண்மையா இருக்கும். மிச்சம் எயார்லைன் தானே போடுற மேல்கட்டணம். முந்தி எரிபொருளுக்கு எண்டு சொன்னவை, எண்ணெய் விலை இறங்கினாப் பிறகும் அது இறங்கிற பாடில்லை. எல்லாரும் அப்பிடி எண்டும் இல்லை. எயார் கனடாவின்ர மைல் திட்டம் ஏரோபிளான், 2020 கடைசியில புதுசாக்கினதில இருந்து அந்த மேல்கட்டணத்தை எடுக்கிறேல்லை. ஆனபடியால் ரண்டு திட்டத்தை ஒப்பிடேக்க மைல் தொகையோட நிப்பாட்டாத, கடைசிப் பக்கம் வரைக்கும் போய் என்ன காசு கேக்குது எண்டு பார்.

இன்னொரு ஏமாத்தும் இருக்கு. பிசினஸ் கிளாஸ் சீற் 6,000 டொலர், அதை மைலில எடுத்தால் ஒரு மைல் நாலு சதம் பெறுது எண்டு உன்ர மருமோன் சொன்னானாம். எட குணம், நீ எப்பவாவது 6,000 டொலர் குடுத்துக் காலை நீட்டிப் படுத்து வருவியா? ரொறன்ரோவில இருந்து துபாய் வழியா கட்டுநாயக்கா ஒரு வழிக்கு 9,000 மைல் தூரத்துக்குக் கிட்ட, படுத்து வந்தால் சுகம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் வாங்க மாட்டாத சாமானுக்கு விலை போட்டு அதில லாபம் பார்க்காத.

இந்த மைல் விளையாட்டை முதல் முதல் பெரிசாத் தொடக்கினது அமெரிக்கன் எயார்லைன்ஸ், 1981 மே மாதம். அதே மாதக் கடைசியிலதான் யாழ்ப்பாணத்தில நூலகம் எரிஞ்சது. நாங்கள் அப்ப இஞ்ச வயல் வரம்பில நிண்டு வடக்கால வாற பஸ்காரரிட்டை விசாரிச்சுக்கொண்டு இருந்தனாங்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில பறந்த தூரத்துக்குத்தான் மைல். இப்ப கன கொம்பனிகள் ரிக்கற்றுக்குக் குடுத்த காசைப் பார்த்துத்தான் குடுக்கினம். ஆக மலிவான ரிக்கற்றில வந்தால் சிலதில ஒண்டுமே சேராது. மைல் சேருது எண்டதுக்காக நூறு டொலர் கூடின ரிக்கற் எடுக்கிற ஆக்களைக் கண்டால் எனக்கு அந்த 73 கிலோக்காரன்தான் கண்ணுக்கு முன்னால வருவான்.

என்ர சொந்தக் கதையையும் சொல்லிப்போடுறன், சிரிக்காத. மூத்தவளைப் பார்க்க ரண்டு தரம் போய் வந்ததில என்ர கணக்கில 41,000 மைல் கிடந்தது. எந்தக் கொம்பனி எண்டு கேக்காத. மூண்டு வருசத்தில செத்துப்போகும் எண்டு ஈமெயில் போட்டிருக்கினம், அது நான் பாஸ்வேட்டை மறந்த பழைய முகவரிக்குப் போயிருக்கு. ஊருக்கெல்லாம் ரிக்கற் போட்டுக் குடுக்கிற நான்! ஏரோபிளானில 18 மாதத்துக்குள்ள ஏதாவது ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தால் பொயின்ற்ஸ் சாகாது, அங்க மைலுக்கு அதுதான் பேர். எமிரேட்ஸில மூண்டு வருசக் கணக்கு. மைல் வங்கியில கிடக்கிற காசு இல்லை. நேற்று 70,000 கேட்ட சீற்றுக்கு நாளைக்கு 90,000 எண்டு அவை மாத்தினால் கேக்க ஆளில்லை. ஆனபடியால் திகதி தெரியாமல் வாங்கிச் சேர்த்து வைக்காத.

ரண்டாவது படம், அந்தக் கிறெடிற் காட். அதைப் பற்றி வேற மாதிரிச் சொல்லுவன். மூண்டு மாதத்தில 3,000 டொலர் செலவழிச்சால் 40,000 பொயின்ற்ஸ், முதல் வருசம் கட்டணம் இல்லை, ரண்டாம் வருசத்தில இருந்து 139. பொயின்ற் ஒண்டரைச் சதம் எண்டு வைச்சால் 600 டொலர் பெறும். எடு. ஆனால் கார் இன்சூரன்ஸ், அரிசி, மரக்கறி எண்டு எப்பிடியும் போற காசை மட்டும் அதில போடு, மாதம் முடிய முழுக்காசையும் கட்டு. காட் வட்டி 21 வீதத்துக்குக் கிட்ட எண்டு படத்தில அடியில பொடி எழுத்தில கிடக்கு. 3,000ஐ ஒரு வருசம் கட்டாமல் இழுத்தியெண்டால் வட்டி 630, போனஸ் அதோட சரி. வீட்டில வசந்திக்கு இந்த வரியைக் காட்டு, உன்னை விட அவவில எனக்கு நம்பிக்கை. காட் எடுத்துப் பதினோராம் மாதம் அதை வைச்சிருக்கிறதோ நிப்பாட்டுறதோ எண்டு யோசி, போனில ஒரு நினைவூட்டல் போட்டு வை.

அந்த 40,000த்தை என்ன செய்யிறது? நீ வாறதுக்குப் பாவிக்காத. வசந்தியின்ர அம்மா முள்ளியவளையில தனியத்தானே இருக்கிறா, பிள்ளையளிட்டை வந்து நிக்கிறதுக்குக் கனடா குடுக்கிற சூப்பர் விசா கிடைச்சிட்டுது எண்டாய். ஒருக்காப் போனால் அஞ்சு வருசம் வரைக்கும் நிக்கலாம், அவ எப்ப திரும்புவா எண்டு ஆருக்கும் தெரியாது. ஒரு வழி ரிக்கற்றைக் காசுக்கு எடுக்கப் போனால் சிலவேளை போய்வாற ரிக்கற்றின்ர விலைக்குக் கிட்ட நிக்கும். மைலில எண்டால் ஒரு வழி ஒரு வழிதான். பொயின்ற்ஸ் காணாட்டில் மிச்சத்தை நீ காசாப் போட்டாலும் அங்கதான் பொயின்ற்ஸுக்கு மரியாதை. ஏரோபிளான் எண்டால் துருக்கி எயார்லைன்ஸில இஸ்தான்புல்லில ஒரே ஒரு மாற்றம். நாலாயிரம் பொயின்ற் மிச்சம் பிடிக்கிறன் எண்டு கிழவியை ரண்டு இடத்தில இறக்கி ஏத்தாத. சக்கர நாற்காலிக்கு முதலே சொல்லி வை, அதுக்குக் காசில்லை.

மைலுக்கு உண்மையா விலை இருக்கிற இன்னொரு இடம் செத்தவீடு. போன புரட்டாதியில இரவு பதினொரு மணிக்கு ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில இருந்து ஒரு பொடியன் போன் எடுத்தான். தாய் புதுக்குடியிருப்பில, பின்னேரம் முடிஞ்சிட்டுது, நாளையிண்டைக்கு எடுக்கப் போகினம். நான் கொம்பியூட்டரில பார்க்கிறன், எந்தப் பக்கம் திருப்பினாலும் வழமையான விலையை விட ரண்டு மடங்கு. விலையை வாசிக்க வாசிக்க அவன் ஒண்டும் சொல்லேல்லை, மூச்சு மட்டும் கேட்டது. "தம்பி, மைல் ஏதும் வைச்சிருக்கிறியோ?" எண்டு கேட்டன். இருந்தது, அவனுக்கே எவ்வளவு எண்டு தெரியாது. அவன் தன்ர போனில தேட, நான் இஞ்ச இருந்து எந்த வழி, எந்தப் பறப்பு எண்டு சொல்ல, முக்கால் மணித்தியாலத்தில சீற் விழுந்தது. வழமையான மைலுக்கே. கடைசி நேரத்தில விக்காத சீற்றுகளைச் சில திட்டங்களில அப்பிடித் திறந்து விடுவினம், எப்பவும் இல்லை. கட்டுநாயக்காவில இருந்து வான் விடிய விடிய ஓடி, அவன் வந்து வாய்க்கரிசி போட்டான். எனக்கு அதில அஞ்சு சதம் கொமிசன் இல்லை.

உனக்கும் இஞ்ச அண்ணர் இருக்கிறார், எண்பதைத் தாண்டிட்டார். நான் வேற ஒண்டும் சொல்லேல்லை.

இனி நீ வாறது. பதினாலு வருசமா "மைல் காணட்டும், வாறன்" எண்டுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறாய். ஆவணியை விடு. பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து அந்த மாதம் எல்லாரும் வருகினம், காசுக்கும் விலை, மைலுக்கும் சீற் இல்லை. வைகாசியில வா. உங்கட பள்ளிக்கூடங்கள் ஆனிக் கடைசியிலதானே விடுறது, விலை ஏறுறது அதை ஒட்டித்தான். சின்னவனுக்குப் பல்கலைக்கழகம் சித்திரையோட முடிஞ்சிடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டின திங்கள். உப்புநீரில விளக்கு எரியிறதை உன்ர பொடியன் இன்னும் காணேல்லை. அந்த நேரத்து ரிக்கற் 1,400க்குக் கீழ விழுந்தால் மைலைத் தொடவே தொடாத, காசைக் குடுத்து எடு.

சென்னை வழியா வந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்தில இறங்கலாமோ எண்டும் கேட்டிருந்தாய். 2024 புரட்டாதியில இருந்து இண்டிகோ பிளேன் ஓடுது, கிளிநொச்சிக்கு அதுதான் கிட்ட. ஆனால் தனித்தனி ரிக்கற் எண்டால் சென்னையில வெளியால வந்து திரும்ப ஏற வேணும், இந்திய விசா வேணும், முதல் பிளேன் பிந்தினால் அடுத்தது உனக்காக நிக்காது. நாலு பெட்டியோட வாற உனக்கு அது சரிவராது.

கடைசியா ஒண்டு, மறந்திடுவன். உன்ர மைல் கணக்கில பேர் எப்பிடிக் கிடக்கு எண்டு பார். பாஸ்போட்டில அப்பாவின்ர பேர் பின்னுக்கு, மைல் கணக்கில நீ அதை முன்னுக்குப் போட்டிருப்பாய், எங்கட ஆக்கள் பாதிப்பேர் அப்பிடித்தான். பேர் பொருந்தாவிட்டால் மைல் ஏறாது, பிறகு போடிங் பாசைத் தேடி அனுப்பு எண்டு மாதக்கணக்கில இழுப்பினம். பாஸ்போட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, வசந்தியின்ரயும் சின்னவன்ரயும். அம்மாவின்ர பாஸ்போட் எப்ப முடியுது எண்டு நான் திங்கக்கிழமை முள்ளியவளைக்குப் போய்ப் பார்க்கிறன், தண்ணி வடிஞ்சால்.

அன்புடன்,
ராசன்

பி.கு.: கணக்கை நீயும் ஒருக்காப் போட்டுப் பார். பிரிக்கேக்க சைபரை விட்டிடாத. பத்தாம் வகுப்பில நீ விட்ட சைபருக்கு எனக்கும் சேர்த்து அடி விழுந்தது.