செயலாளர் ஆண்டறிக்கை: நம் வண்டிகளின் பின்பக்க சஸ்பென்ஷன் பற்றி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அகஸ்தீஸ்வரம் முதல் விளவங்கோடு வரை எல்லாத் தாலுகாக்களிலிருந்தும் சிரமம் பாராமல் வந்திருக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தாரே, அவர்களை அழைத்துக்கொண்டு வந்த குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மாறி மாறி நடந்தன. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளைத் தக்கலையில் வைத்துக்கொண்டோம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுக்களில் உதவித்தொகை தொடர்பானவை பெரும்பாலும் முடிந்துவிட்டன. சாய்தளம் கேட்டுக் கொடுத்தவை நிலுவையில் இருக்கின்றன, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரம் முழுவதையும், சக்கர நாற்காலி ஏறும்படி மாற்றிய நம் வண்டிகளின் பின்பக்க சஸ்பென்ஷனுக்காக, அதாவது சக்கரத்தையும் அச்சையும் பாடியோடு பிடித்து எடையைத் தாங்கும் அமைப்புக்காக, எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை நேரத்தில் குலசேகரம் பக்கம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்ட நம் உறுப்பினர் ஒருவர், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டுத் தன் வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு பட்டறையில் தரையைத் தாழ்த்தி, பின்கதவு வழியாகச் சக்கர நாற்காலி ஏறும்படி மாற்றிய வண்டி. ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் பின்னால் இடது பக்கம் தரையோடு அமர்ந்துவிட்டது. அச்சைப் பாடியோடு பிடித்திருந்த பிராக்கெட்டு வெல்டிங்கோடு பிய்ந்து வந்திருந்தது. நாற்காலியின் நான்கு மூலையிலும் பெல்ட் மாட்டியிருந்ததால் அவருக்குக் காயம் இல்லை. மாட்டியது அவருடைய மனைவி. அந்த அக்காவுக்கு இந்தச் சபையில் நன்றி சொல்கிறேன்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வேன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், "வண்டியை வெட்டி ஒட்டிவிட்டீர்கள், இனி நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். பட்டறைக்காரரோ, "என் வெல்டிங் நல்ல வெல்டிங், கம்பெனி இரும்புதான் சரியில்லை" என்றார். இருவருக்கும் நடுவில் நம் ஆள் வீட்டுக்குள் கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு உறுப்பினரின் மகள், அமெரிக்காவில் இருப்பவர், தனக்கு வந்த கடிதம் ஒன்றைப் படமெடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவரும் சக்கர நாற்காலிதான் பயன்படுத்துகிறார். சாய்தளம் வைத்து மாற்றிய அவருடைய மினிவேனில் பின்பக்க சஸ்பென்ஷனில் குறை இருக்கிறது, கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று எழுதியிருந்தது. எழுதியது வேனைத் தயாரித்த பெரிய கம்பெனி இல்லை, அதை வாங்கி மாற்றிக் கொடுத்த கம்பெனி.

அந்த நாட்டுச் சட்டம் அப்படி. பாதுகாப்புக் குறை இருக்கிறது என்று முடிவுக்கு வந்தால் 5 வேலை நாட்களுக்குள் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு வண்டிக்காரர்களுக்குக் கடிதம் போட வேண்டும், செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். புது வண்டியை வாங்கி மாற்றி விற்பவரும் இந்தப் பொறுப்புக்குள் வருகிறார். மாற்றியதால் வண்டி தாங்கும் எடை 100 கிலோவுக்கு மேல் குறைந்தால் அதையும் வண்டிக்காரருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் இந்த எடைக் கணக்கை யாராவது காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

பின்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்று மார்த்தாண்டத்தில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் வண்டியைத் தூக்கிக் காட்டி விளக்கினார். நாற்காலி உள்ளே போக வேண்டும் என்றால் தரையைக் கீழே இறக்க வேண்டும். இறக்கினால் பெட்ரோல் டேங்க், சைலன்சர் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் இடம் மாற வேண்டும். பின்கதவு வழி என்றால் பின் அச்சும் அதைப் பாடியோடு இணைக்கும் கைகளும் பாதையில் நிற்கும், அவற்றையும் வளைக்கவோ வேறு இடத்தில் பிடிக்கவோ வேண்டும். கம்பெனி கணக்குப் போட்டு வைத்த இடத்தை விட்டு இரண்டு விரல் தள்ளிப் பிடித்தாலும் பாரம் வேறு திசையில் இழுக்கும். கனமான பேட்டரி நாற்காலி என்றால் அது மட்டுமே 100 கிலோவைத் தாண்டும், ஆள் எடை வேறு. சாய்தளத்தில் ஏறும்போது அந்த எடை முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் விழுகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்த வெல்டிங் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து அலுக்கிறது.

இதோடு நம் ஊர் உப்புக்காற்று. அமெரிக்காவில் 2010-இல் ஃபோர்டு நிறுவனம், 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் மினிவேன்களில் லட்சக்கணக்கானவற்றைத் திரும்ப அழைத்தது. பனியை உருக்கச் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் பின் அச்சு துருப்பிடித்து முறியும் ஆபத்து இருந்ததுதான் காரணம். நமக்குப் பனி கிடையாது. ஆனால் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் கரையில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். வெல்டிங் சூட்டில் பெயின்ட் கருகிய இடத்தில் மறுபடி பூசாமல் விட்டால், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 1.4.2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டியில் இருப்பவர்களுக்கோ சாலையில் போவோருக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். கம்பெனிகள் தாமாகவும் அழைக்கின்றன. மாருதி 2023 ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐ ஸ்டீயரிங் டை ராடு (ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சோதனைக்காக அழைத்தது. நம்மில் ஈகோ வைத்திருப்பவர்கள், 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டாயம் விசாரியுங்கள். பழைய வண்டியாக வாங்கியவர்களுக்குக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும்.

ஆனால் கட்டாயமாகத் திரும்ப அழைப்பதற்கு, விற்ற வண்டிகளில் எத்தனைக்குப் புகார் வந்தது என்று பார்க்கிறார்கள். ஒரு பட்டறை மாற்றிக் கொடுத்த நாலைந்து வண்டிகள் அந்தக் கணக்கில் எங்கே தெரியப்போகிறது? ஆகவே நம் கணக்கை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதே 2019 திருத்தம், மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றியமைக்க ஆர்.டி.ஓ.விடம் ஒப்புதல் வாங்கும் வழியையும் தந்திருக்கிறது. ஒப்புதல் வாங்காமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸும் கைவிரிக்கக்கூடும். நாகர்கோவில், மார்த்தாண்டம் இரண்டு அலுவலகங்களிலும் பேசியிருக்கிறோம். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுபவர்கள் என்னிடம் வாருங்கள்.

செப்டம்பரில் மெக்கானிக் அண்ணனை வைத்து உறுப்பினர்களின் வண்டிகளைப் பார்த்தோம். சிலவற்றில் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு, சிலவற்றில் பின் டயர் உட்பக்கம் மட்டும் தேய்வு. ஸ்பீடு பிரேக்கரில் பின்னால் டக் டக் என்று சத்தம் வந்தாலோ, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு பக்கம் தாழ்ந்து நின்றாலோ தள்ளிப் போடாதீர்கள்.

பார்த்ததில் என்னை அதிகம் வருத்தியது வெடிப்பு இல்லை. வெடிப்பு இருப்பது தெரிந்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வண்டியைப் பட்டறையில் விட்டால் அம்மாவை டயாலிசிஸுக்கு எப்படிக் கொண்டுபோவது?" என்று ஒரு தம்பி கேட்டார். மற்றவர்களுக்கு வண்டி பட்டறையில் நின்றால் பஸ் உண்டு, ஆட்டோ உண்டு. நமக்கு வண்டி நின்றால் ஆளும் நிற்க வேண்டியதுதான். அமெரிக்காவில் இருக்கும் அந்தப் பெண்ணும் இதையேதான் எழுதியிருந்தார்: பழுது இலவசம், ஆனால் அதுவரை ஓட்டுவதற்குக் கொடுத்த சாதாரண காரில் அவரால் ஏற முடியவில்லை.

ஆகையால் செயற்குழு இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானத்தில் முதலில் வருவது மாற்று வண்டி. ஒருவர் வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களில், அருகில் இருக்கும் இன்னொரு உறுப்பினர் தன் வண்டியைக் கொடுத்து உதவ வேண்டும், டீசல் செலவைச் சங்கம் ஏற்கும். அடுத்ததாக, ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் நம்பர், மாற்றிய பட்டறை, மாற்றிய தேதி, பார்த்த குறை எல்லாம் சங்கப் பதிவேட்டில் ஏறும். ஒரே பட்டறையின் இரண்டு வண்டிகளில் ஒரே குறை தெரிந்தால், அங்கே மாற்றிய எல்லோருக்கும் அன்றைக்கே போன் போகும். புதிதாக மாற்றுபவர்கள் எடைக் கணக்கும் பில்லும் எழுத்தில் தராத பட்டறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

குலசேகரத்து உறுப்பினரின் வண்டி, அச்சுப் பிடிமானம் முழுவதும் புதிதாகச் செய்து, ஐப்பசியில் திரும்ப ஓடத் தொடங்கியது. பட்டறை பாதிச் செலவை ஏற்றது. மீதியை நீங்கள் கொடுத்தீர்கள்.

தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் பெயரைச் சொல்லுங்கள், அப்புறம் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.