பத்திரிகைக்காரர் வரலாற்றைப் பத்திரிகையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகை நடத்தியவர்களின் வாழ்க்கை வரலாறுகளையும், பத்திரிகைக் குடும்பங்களைப் பற்றிய நூல்களையும் விரும்பிப் படிப்பவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள். ஒரே நூலை நம்பிப் படித்தால் எங்கெங்கே தவறிப்போகும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் ஆண்டுக் குழப்பம். ‘தி இந்து’ 1878-இல் வார இதழாகப் பிறந்தது. 1883-இல் வாரம் மும்முறை, 1889-இல்தான் நாளிதழ். ‘சுதேசமித்திரன்’ 1882-இல் வார இதழ், 1899-இல் நாளிதழ். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ நம் சேலத்தில் வார இதழாகத் தொடங்கி, 1926-இல் சென்னையில் நாளிதழானது. ‘தொடங்கினார்’ என்று நூலில் வருமிடத்தில் வாரமா, நாளா, எந்த ஊர் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது ஆள் குழப்பம். தொடங்கியவர், முதலாளி, ஆசிரியர் மூவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1898-இல் ‘தி இந்து’வை விட்டு விலகினார், கஸ்தூரி ரங்க ஐயங்கார் அதை வாங்கியது 1905-இல். குடும்பத்தார் முன்னின்று எழுதுவிக்கும் நூலில், வாங்கிய ஆண்டுக்கு முந்தைய கதை சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் அபாயம் உண்டு. அந்தப் பகுதியை வேறொரு நூலில் தேடிப் படிக்க வேண்டும். ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ என்றதும் ராம்நாத் கோயங்கா பெயர்தான் நினைவுக்கு வருகிறது. 1932-இல் அதைத் தொடங்கியவர் நம் வரதராஜுலு நாயுடு; அதே ஆண்டு அது எஸ். சதானந்த் கைக்குப் போய், பிறகுதான் கோயங்காவிடம் சேர்ந்தது. இனிஷியலையும் விட்டுவிடக் கூடாது. எஸ். ரங்கசாமி ஐயங்கார், ஏ. ரங்கசாமி ஐயங்கார் இருவருமே ‘தி இந்து’வின் ஆசிரியர்கள். முன்னவர் 1923 முதல் 1926 வரை, பின்னவர் 1928 முதல் 1934 வரை. 1915-இல் ‘சுதேசமித்திர’னை வாங்கியவரும் பின்னவரே. வம்சாவளியை ஒரு தனித்தாளில் வரைந்து நூலுக்குள் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஒரே சம்பவத்தைப் பல பத்திரிகைக்காரர்களின் வாழ்க்கை வழியாகப் படிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயிற்சி. அதற்குச் சேரன்மாதேவி குருகுலப் போராட்டத்தைவிடப் பொருத்தமான உதாரணம் தெரியவில்லை. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி குருகுலத்துக்கு 10,000 ரூபாய் ஒதுக்கி 5,000 கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும் 1924-25-இல் வெடித்த சண்டையில் ‘தமிழ்நாடு’ இதழே வரதராஜுலு நாயுடுவின் ஆயுதம். ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ 1925 மே 2-இல் வெளிவந்தது. குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் ஒரு மாதம் கழித்து, ஜூன் 3-இல் பாபநாசம் அருவியில் மறைந்தார். அவரும் பத்திரிகைக்காரர்தான்: திரு.வி.க.வுக்குப் பின் ‘தேசபக்தன்’ ஆசிரியராகி, அதனாலேயே சிறை சென்றவர். திரு.வி.க. கையில் அப்போது ‘நவசக்தி’. ஒருவரின் வரலாற்றை மட்டும் படித்தால் மற்றவர் நிச்சயம் வில்லனாகத்தான் தெரிவார். ஒரு நோட்டில் கோடு போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்கி, தேதி வாரியாக யார் எப்போது என்ன எழுதினார் என்று நிரப்பிப் பாருங்கள். யார் முதலில் எழுதினார், யார் பதில் சொன்னார், யார் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் அப்போதுதான் புலப்படும்.

தேதி எழுதும்போது தமிழ் வருடத்தில் கவனம் தேவை. குரோதன வருடம் 1925 சித்திரையில் பிறந்தது. அதன் தை, மாசி, பங்குனி மாதங்கள் 1926-இல் விழும். ‘குரோதன, தை’ என்று இருப்பதை 1925 என்று எழுதிவிட்டால் வரிசையே தலைகீழாகும்.

மேற்கோள்களில் இன்னொரு கண்ணி உண்டு. அந்நாளில் சர்க்கார் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் இதழ்களைப் படித்து ஆங்கிலத்தில் வாராந்தரச் சுருக்கம் தயாரித்தார்கள். மூல இதழ் கிடைக்காத இடங்களில் அந்தச் சுருக்கங்களே ஆதாரம். ஆனால் அரசை உறுத்திய வரிகளே அவற்றில் தூக்கலாக இருக்கும். அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கி, ஆசிரியர் எழுதிய வாசகம் என்று மேற்கோள் குறிக்குள் போட்டால் அது அவர் வாசகம் ஆகாது. 1920-களின் தலையங்கம் இன்றைய நடையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். மூலத்தைத் தேடத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், எழும்பூர் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. தங்கள் நாளிதழிலும் நினைவு நாள் கட்டுரைகளில் மேற்கோளின் கீழ் இதழின் பெயரையும் தேதியையும் அச்சிட வேண்டுகிறேன்.

நம் பக்கத்தார் மாவட்ட எல்லையையும் நினைவில் கொள்ள வேண்டும். தர்மபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும்தான் சேலத்திலிருந்து பிரிந்தன. ராஜாஜி, கல்கியைத் துணையாக வைத்துக்கொண்டு, இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து நடத்திய மதுவிலக்கு இதழான ‘விமோசன’த்தைப் பழைய ஆவணங்களில் தேடுபவர் சேலம் ஜில்லாவில்தான் தேட வேண்டும்.

கடைசியாக, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை வீடுகளின் பரண்களில் பழைய இதழ்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். பைண்டு செய்த தொகுப்பை முழுக்க விரித்து அழுத்தினால் முதுகு உடையும். இரு பக்கமும் அட்டை முட்டுக் கொடுத்துப் பாதி திறந்தால் போதும். நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டு, மடிக்காமல் அட்டைப்பெட்டியில் கிடத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.