வசாவிளான்–பலாலி வீதியும் எங்கள் வாக்கும்: ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம்
2025 ஜூலை

மதிப்புக்குரிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம். வலிகாமம் வடக்கில், இராணுவம் பிடித்து வைத்திருக்கும் எங்கள் காணிகளுக்கு ஊடாக வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி பற்றி எழுதுகிறேன். 1990இல் சனம் இடம்பெயர்ந்ததோடு பூட்டப்பட்ட அந்த வீதி, இந்த ஏப்ரலில், உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில் திறக்கப்பட்டது. அதற்கு நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வீதியால் போய்வந்த சனம் ஏன் முகம் வாடித் திரும்பினார்கள் என்பதை உங்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா தெரியவில்லை.

திறந்தபோது போட்ட நிபந்தனைகள் உங்களுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் போக முடியாது. நடந்து போகக் கூடாது. இடையில் வாகனத்தை நிறுத்தவோ திருப்பவோ கூடாது. படம் எடுக்கக் கூடாது.

இந்த நிபந்தனைகள் அங்கே எப்படி வேலை செய்கின்றன என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து போகிறார். அந்தச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்து, துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து வளர்ந்த மனிசன். முட்கம்பிக்கு அங்கால் தன் வளவு வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். வேலி இல்லை, எல்லைக் கல் தெரியவில்லை, பற்றை மூடிக் கிடக்கிறது. தங்கள் ஒழுங்கை எதிலே தொடங்கியது என்று பிடிபடுவதற்குள் சைக்கிள் தாண்டிவிடுகிறது. “தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு” என்று கேட்க அவருக்கு வாய் வருகிறது. நிப்பாட்டினால் குற்றம். இறங்கி அந்த மண்ணை ஒரு பிடி அள்ள முடியாது. காணி உறுதி அவருடைய பெயரில்தான் இருக்கிறது.

முப்பத்தைந்து வருசம் வீதி பூட்டிக் கிடந்தபோது இல்லாத ஒரு வலி இது. அப்போது காணி கண்ணில் படவில்லை. இப்போது படுகிறது, கால் வைக்க முடியவில்லை.

நீங்கள் முப்படைகளின் தளபதி. பாதுகாப்பு அமைச்சும் உங்கள் கையில்தான். பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159 உங்களுடையவை. இப்படியொரு பலம் கையிலிருக்க, அந்த மனிசன் சொந்தக் காணியில் இறங்க யாருடைய அனுமதிக்கு நாங்கள் இன்னும் காத்திருக்க வேண்டும்? வலிகாமம் வடக்கில் மிச்சமிருக்கும் காணிகளை எப்போது விடுவீர்கள் என்று ஒரு திகதி சொல்லுங்கள். எங்கள் கேள்வி அது ஒன்றுதான்.

கடந்த நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று உங்கள் கட்சிக்குப் போனது. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சிக்கு இங்கே அப்படி விழுந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே சண்டை பிடித்துத்தான் பலர் அந்த வாக்கைப் போட்டார்கள். ஆறு மாதம் போகவில்லை, மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் இங்குள்ள சபைகளில் தமிழ்க் கட்சிகள் திரும்ப முன்னுக்கு வந்துவிட்டன. நாடு முழுக்கவும் உங்கள் வாக்கு 61 சதவீதத்திலிருந்து 43 சதவீதத்துக்கு இறங்கியது. சனம் அவசரப்படுகிறார்கள் என்று உங்கள் ஆட்கள் சொல்லக்கூடும். சனம் மாளிகை கட்டித் தரக் கேட்கவில்லை. காசு செலவில்லாமல், ஒரு கையெழுத்தோடு நடக்கக்கூடியவை ஏன் நடக்கவில்லை என்றுதான் கேட்கிறார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றீர்கள். 1979இல் தற்காலிகம் என்று வந்த சட்டம் அது. இந்த மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஒரு ஸ்டிக்கரை ஒட்டிய இருபத்திரண்டு வயதுப் பொடியனை அதே சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்தீர்கள். மாகாண சபைத் தேர்தலை ஒரு வருசத்துக்குள் வைப்போம் என்றீர்கள். வட மாகாண சபை கலைந்தது 2018 ஒக்டோபரில், இன்றுவரை ஆளுநர் ஆட்சிதான். அதே மார்ச் மாதம் 28ஆந் திகதி வந்த வர்த்தமானியை எங்களால் மறக்க முடியாது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக்குப் போய்விடும் என்றது அது. வீட்டோடு உறுதி எரிந்தவர்களும், உரித்தாளர் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எதைக் கொண்டு போய்க் காட்டுவது? எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு அதை மீளப் பெற்றீர்கள். எங்களிடமிருந்து எடுப்பதற்கு ஒரு திகதி போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, எங்களுக்குத் தருவதற்கு ஒரு திகதி போட முடியாமல் இருப்பது என்ன நியாயம்?

2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேனவுக்கும் இப்படித்தான் அள்ளிக் கொடுத்தோம். 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் நாடே அந்த ஆட்சியைக் கைவிட்டது. கோட்டாபய ராஜபக்சவை 69 லட்சம் பேர் ஏற்றிவைத்து மூன்று வருசமாக முன்னர், 2022 ஜூலையில் அவர் நாட்டை விட்டே ஓடினார். உங்களையும் அந்த வரிசையில் வைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. உங்கள் ஜே.வி.பி. தோழர்கள் 1988, 89 கிளர்ச்சிக் காலத்தில் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் போனவர்கள். முகாம் வாசலில் நின்ற தாய்மாரை உங்கள் ஊர்களும் கண்டிருக்கின்றன. அதனால்தான் மற்றவர்களிடம் கேட்காத உரிமையோடு உங்களிடம் கேட்கிறோம்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்று பட்டால் பொறுத்தருளுங்கள். பணிவாகவே கேட்டு முடிக்கிறேன். முதலில், அந்த வீதியில் சனம் இறங்கி நடக்கவும் தங்கள் காணிக் கரையில் நின்று பார்க்கவும் விடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்தது, எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் எந்தத் திகதியில் விடுபடும் என்று எழுத்தில் அறிவியுங்கள். பிந்திய திகதி என்றாலும் பரவாயில்லை. அந்த அறிவித்தலைத் தமிழிலும் எழுதி, தெல்லிப்பழைப் பிரதேச செயலக வாசலில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடந்த நவம்பரில் உங்களுக்கு வாக்களித்த யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்