விலையோடு வரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்கறி, பூ விலை ஏறும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் 'வரத்து குறைந்ததால் விலை உயர்வு' என்ற அதே வரிதான் வருகிறது. எவ்வளவு குறைந்தது, போன வாரம் எத்தனை லோடு வந்தது என்று ஒரு எண் கூட இருப்பதில்லை. பாவூர்சத்திரம் பக்கம் காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

விலை ஏறினால் சரக்கு குறைந்திருக்கலாம், இல்லை கேட்கிற ஆள் கூடியிருக்கலாம். விலையை மட்டும் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓணத்துக்கு முந்தின வாரம் எங்கள் சந்தைக்கு வந்து பாருங்கள், விவசாயிகள் ஓணத்தைக் கணக்குவைத்தே நட்டிருப்பார்கள், தடியங்காயும் வெண்டையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வந்து இறங்கும், ஆனாலும் புளியரை வழியாகக் கேரளா போகிற வியாபாரிகள் ஏலத்தில் போட்டி போடுவதால் விலை ஏறும். வரத்தும் கூடி விலையும் கூடினால் அது கிராக்கிதான். சங்கரன்கோவில் மல்லிகை மார்கழியில் நேர் எதிர். அந்த மாதம் கல்யாணமே கிடையாது, இருந்தும் பனியில் மொட்டு பிடிக்காமல் விலை எங்கேயோ போய் நிற்கும். தையில் பனியும் முகூர்த்தமும் சேர்ந்துவிடும், எது எவ்வளவு ஏற்றியது என்று பிரிக்க மார்கழிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பொருளாதார அறிஞர்கள் செய்வதும் இதைத்தான். அமெரிக்காவில் பிலிப் ரைட் 1928-லேயே ஆளிவிதையை வைத்து இதைச் செய்தார். ஏக்கர் விளைச்சல் வானிலையால் கூடும் குறையும், ஆனால் வாங்குகிறவருடைய தேவையை வானிலை தொடாது, அதனால் விளைச்சலோடு சேர்ந்து அசைகிற விலையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் விலைக்குத் தகுந்தபடி மக்கள் வாங்குவதை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. தகவல் கிடைத்தால் சந்தைக்குச் சந்தை விலை வித்தியாசம் குறையும் என்று ஏட்டில் எழுதியிருக்கிறது, அதை எப்படிச் சோதிப்பது? ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் வடகேரளக் கடற்கரையில் மத்தி மீன் விலையை வாராவாரம் எடுத்தார். 1997-லிருந்து செல்போன் கோபுரம் முதலில் கோழிக்கோடு, அப்புறம் கண்ணூர், அப்புறம் காசர்கோடு என்று வெவ்வேறு சமயத்தில் வந்தது. அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரி வெறுங்கையோடு திரும்புவார். கோபுரம் வந்த இடத்தில் படகிலிருந்தே விலை கேட்டு கரையைத் தேர்ந்தெடுத்தார்கள், விலை வித்தியாசம் சுருங்கியது, கொட்டுவது ஏறக்குறைய நின்றது. கோபுரம் வராத இடத்தில் அதே நேரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அதுதான் சோதனை. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியிட்டார்.

நாம் அப்படி ஒப்பிட்டுப் பார்க்காததால் அநியாயமாகச் சிலர் மீது பழி விழுகிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரையெல்லாம் வெள்ளமாகி சாலையும் ரயிலும் அறுந்துபோன நாட்களில் காய்கறி விலை ஏறியதும் 'பதுக்கல்' என்று பேச்சு கிளம்பியது. பதுக்கல் என்றால் லாரி ஊருக்குள் வந்து இறங்கியிருக்கும், கடைக்கு மட்டும் வந்திருக்காது. சாலை அறுந்ததுதான் காரணம் என்றால் லாரியே வந்திருக்காது, சாலை அறுந்துபோகாத மதுரையில் விலை அவ்வளவு ஏறியிருக்காது. இரண்டையும் எடுத்துப் பார்க்காமல் தெருவில் கூடை வைத்து விற்கிற அம்மாவைத் திட்டுவது சரியில்லை.

அதனால் என் கோரிக்கை இதுதான். விலைப்பட்டியலில் அன்றைய வரத்தையும், போன வருடம் இதே தமிழ் மாதத்து விலை, வரத்தையும், பக்கத்துச் சந்தை ஒன்றின் விலையையும் சேர்த்துப் போடுங்கள். மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் சந்தைவாரியாக வரத்தும் விலையும் கிடைக்கின்றன, அதில் இல்லாததைக் கமிஷன் கடைகளில் கேட்டால் சொல்வோம். ஆவணிக்கு முன்னால் தொடங்கினால் இந்த ஓணத்துக்கே போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கமிஷன் கடைக் கணக்கர்,
பாவூர்சத்திரம்